டனிச் கிராமத்தின் இடைக்காலப் பங்குக் கோவில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டனிச் எங்கே இருக்கிறது? ஒரு சிறு கிராமத்தின் கிறிஸ்தவக் கோவில்களைப் பற்றி இவ்வளவு பேசுவானேன்?

டனிச், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் பகுதியில், சவுத்வோல்ட் ஊருக்குத் தெற்கே வட கடலைப் பார்த்தபடி அமைந்த கிராமம். ஆங்கிலத்தில் (Dunwich) எழுதும்போது நடுவில் ஓர் எழுத்துக் கூடுதலாக வரும்; உள்ளூரார் வாயில் அது ‘டனிச்’ என்றே ஒலிக்கும். இன்று அங்கே 200 பேர்கூடக் குடியிருக்கவில்லை. ஒரு தெரு, ஒரு விடுதி, ஒரு சிறு அருங்காட்சியகம், 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கோவில் ஆகியவற்றைச் சொன்னால் ஏறக்குறைய ஊரையே சொன்னதாகிவிடும்.

ஆனால் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இது இங்கிலாந்தின் பெயர்பெற்ற துறைமுக நகரங்களுள் ஒன்று. ஜான் மன்னர் 1199இல் இதற்கு நகர உரிமைப் பட்டயம் வழங்கினார். நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை, ஊர் கிராமமாகச் சுருங்கிய பின்னும், 1832இல் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை இதனிடம் இருந்தது. அந்த நகரத்தில் இருந்த பங்குக் கோவில்களுள் ஒன்றுகூட இன்று தன் இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எப்படி மறைந்தது என்று பார்த்தால், பலரும் சொல்லும் கதையிலிருந்து உண்மை சற்றே விலகி நிற்கிறது. அதனால்தான் இத்தனை பேச்சு.

‘பங்குக் கோவில்’ என்பதற்கு இங்கே என்ன பொருள்?

எல்லை வகுக்கப்பட்ட ஒரு பகுதியும், அப்பகுதி மக்களுக்குத் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைச் செய்விக்கும் உரிமையும் கடமையும் கொண்ட கோவிலே பங்குக் கோவில். அப்பகுதியின் விளைச்சலிலும் மீன்பிடியிலும் தசமபாகம் பெறும் உரிமையும் அதனோடு சேர்ந்தது. துறவு மடங்களின் கோவில்கள், மருத்துவ இல்லங்களின் சிற்றாலயங்கள் போன்றவை இந்தக் கணக்கில் சேராது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் போவதால்தான் டனிச்சில் இருந்த கோவில்களின் எண்ணிக்கை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

அப்படியானால் மொத்தம் எத்தனை? 52 கோவில்கள் கடலுக்குள் போயின என்கிறார்களே?

52 என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் செவிவழிச் செய்தி. அதற்கு ஆவணச் சான்று இல்லை. மடங்கள், சிற்றாலயங்கள், மருத்துவ இல்லங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த எண் வராது.

ஆவணங்களில் உறுதியாகத் தெரியும் பங்குக் கோவில்கள் ஆறு: புனித லெனார்ட், திருமுழுக்கு யோவான், புனித மார்ட்டின், புனித நிக்கோலாஸ், புனித பேதுரு, அனைத்துப் புனிதர்கள். இவற்றுக்கு முன்பே புனித மிக்கேல், புனித பர்த்தலமேயு என்ற பெயர்களில் இரண்டு கோவில்கள் இருந்து, 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் இல்லாமல் போயின. ஆக, எட்டு என்று கொள்வது சரியாக இருக்கும். சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஓர் ஊருக்கு எட்டுப் பங்குகள் என்பதே வியப்புக்குரியதுதான். அதை 52 ஆக்கவேண்டிய தேவை இல்லை.

ஒரே ஊருக்கு ஏன் இத்தனை பங்குகள்?

அக்கால ஆங்கிலேயத் துறைமுக நகரங்கள் பலவற்றிலும் இதே நிலைதான். நகரம் வளர வளர, ஒவ்வொரு தெருக்கூட்டமும் தனக்கென ஒரு கோவில் எழுப்பிக்கொண்டது. டனிச்சில் இந்த வளர்ச்சியை எண்களாகவே காணலாம். 1086இல் முதலாம் வில்லியம் எடுப்பித்த நிலக் கணக்கேடு, 1066ஆம் ஆண்டு நிலையையும் தன் காலத்து நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. 1066இல் ஒரே கோவில். இருபது ஆண்டுகளில் மூன்று. நகர உரிமை பெற்ற குடியினர் 120 பேராக இருந்தவர்கள் 236 பேர் ஆகிவிட்டார்கள். அவர்களுக்கு மேல் 178 ஏழைகள். ஊர் செலுத்திய தொகை 50 பவுண்டும், அதோடு அறுபதாயிரத்துக்குக் குறையாத ஹெர்ரிங் மீன்களும். மீனை எண்ணி வரி கட்டிய ஊர் இது. கோவில்களைக் கட்டிய பணமும் பெரும்பாலும் அந்த மீனிலிருந்தும், அதை ஏற்றிச்சென்ற கப்பல்களிலிருந்தும் வந்ததே.

அதே ஏட்டில், அதே பதிவில், இன்னொரு சிறு குறிப்பும் இருக்கிறது. முன்பு இரண்டு ஏர் உழும் நிலம் இருந்தது; இப்போது ஒன்றுதான்; மற்றதைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதாவது கோவில்கள் ஒன்றிலிருந்து மூன்றாகப் பெருகிய அதே இருபது ஆண்டுகளில் கடல் உழுநிலத்தில் பாதியை எடுத்துவிட்டது. ஊரார் அதனால் கோவில் கட்டுவதை நிறுத்திவிடவில்லை. நிலம் போனாலும் துறைமுகம் இருக்கும்வரை ஊருக்குக் குறைவில்லை என்பதை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

இந்தக் கோவில்கள் யாருக்கு உரியவை?

ராபர்ட் மாலெட் என்ற நார்மன் பிரபு, சஃபோக்கின் உட்பகுதியில் ஐ என்னும் ஊரில் தாம் நிறுவிய பெனடிக்டைன் மடத்துக்கு டனிச் கோவில்களை எழுதிக்கொடுத்தார். ஏற்கெனவே கட்டியவற்றை மட்டுமல்ல, இனிமேல் கட்டப்போகிறவற்றையும் சேர்த்தே கொடுத்தார். பங்குத்தந்தையை முன்மொழியும் உரிமையும் வருவாயில் பெரும்பகுதியும் மடத்துக்குச் சென்றன. கோவிலின் நடுக்கூடத்தைப் பழுதுபார்ப்பது பங்கு மக்கள் பொறுப்பு. பலிபீடப் பகுதி வருவாயை அனுபவிப்பவரின் பொறுப்பு. இங்கிலாந்து முழுவதும் வழக்கில் இருந்த ஏற்பாடுதான் இது. ஊர் செழிப்பாக இருக்கும்போது இதில் சிக்கல் இல்லை. பங்கில் குடும்பங்கள் குறைந்துபோனால் நடுக்கூடத்தின் கூரையை யார் மாற்றுவது என்ற கேள்வி எழும். டனிச்சின் பிற்கால வரலாற்றில் அந்தக் கேள்வி மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

டனிச் ஒரு காலத்தில் ஆயரின் தலைமை இடமாக இருந்தது உண்மையா?

உறுதியாகச் சொல்ல முடியாத செய்தி இது. 630ஆம் ஆண்டு வாக்கில் பர்கண்டியிலிருந்து வந்த ஃபெலிக்ஸ் என்பவர் கிழக்கு ஆங்கிலியர்களின் முதல் ஆயரானார் என்றும், சிகபெர்ட் மன்னர் அவருக்கு ‘டொம்மோக்’ என்ற இடத்தைக் கொடுத்தார் என்றும் பீடு என்னும் துறவி 8ஆம் நூற்றாண்டில் எழுதினார். அந்த டொம்மோக்தான் டனிச் என்பது நெடுநாள் மரபு. ஃபெலிக்ஸ்டோ அருகே இருந்து, பிறகு அதுவும் கடலில் போய்விட்ட வால்ட்டன் கோட்டை என்ற ரோமானியக் கோட்டைதான் டொம்மோக் என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டு இடங்களும் நீருக்கடியில் இருப்பதால் வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. எப்படியாயினும் அந்த ஆயர் வரிசை 9ஆம் நூற்றாண்டோடு முடிந்துபோனது. இங்கே பேசும் எட்டுக் கோவில்களுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

எல்லாக் கோவில்களையும் கடல் விழுங்கிவிட்டது என்பது சரிதானே?

சுவர்களைப் பொறுத்தவரை சரி. கோவில்களைப் பொறுத்தவரை பாதிதான் சரி. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படிக்கலாம்.

வழிபாடு நடந்துகொண்டிருந்த கோவிலை ஓர் இரவில் அலை வந்து அடித்துப்போயிற்று என்ற காட்சி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விவரம் தெரிந்த கோவில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அலை வந்து சேர்ந்தபோது பெரும்பாலும் அங்கே குருவானவர் இல்லை, கூரை இல்லை, மணி இல்லை. திருமுழுக்கு யோவான் கோவில் ஊராராலேயே இடிக்கப்பட்டது. புனித பேதுரு கோவிலின் ஈயத் தகடுகளும் மரமும் மணிகளும் கழற்றப்பட்ட பிறகே சுவர்கள் சரிந்தன. அனைத்துப் புனிதர்கள் கோவில் கைவிடப்பட்டு ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்தே கடல் அதன் வாசலுக்கு வந்தது. பங்குகள் முதலில் ஆளில்லாமல் வறண்டன. அதன் பிறகே கட்டடங்கள் கடலில் விழுந்தன. பங்குகள் வறண்டதற்குக் காரணம் கரை அரிப்பைவிட, துறைமுகம் தூர்ந்துபோனதே.

துறைமுகம் எப்படித் தூர்ந்தது?

டனிச்சின் துறை, ஊருக்கு வடக்கே பிளைத் ஆறும் டனிச் ஆறும் சேர்ந்து கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருந்தது. முகத்துவாரத்துக்கும் கடலுக்கும் இடையே கூழாங்கற்களும் மணலும் சேர்ந்த நீண்ட திட்டு ஒன்று இருந்தது. காற்றைத் தடுத்துக் கப்பல்களுக்குப் புகலிடம் தந்தது அந்தத் திட்டுதான். கடைசியில் துறையை அடைத்ததும் அதே திட்டுதான். வட கடலின் அலைகள் கரையோரமாகக் கற்களைத் தெற்கு நோக்கி உருட்டிக்கொண்டே இருப்பதால் அந்தத் திட்டு ஓயாமல் நீண்டது. 1286ஆம் ஆண்டை ஒட்டிய குளிர்காலப் புயல்கள் நகரின் கீழ்ப்பகுதியைச் சிதைத்ததோடு முகத்துவாரத்தையும் பாழ்படுத்தின. ஊரார் மண்ணை வெட்டி வழியைத் திறந்தார்கள். 1328 ஜனவரிப் புயல் மறுபடியும் அடைத்தது. இம்முறை ஆறு வடக்கே, வால்பர்ஸ்விக் பக்கமாகப் புதிய வழி கண்டுகொண்டது.

ஆறு இடம் மாறினால் கப்பலும் மாறும். வால்பர்ஸ்விக்கிலும் சவுத்வோல்ட்டிலும் இறங்கும் சரக்குக்கும் தனக்கே சுங்கம் சேரவேண்டும் என்று டனிச் தலைமுறை தலைமுறையாக வழக்காடியது. வழக்கில் சில சமயம் வென்றாலும் கப்பல்கள் திரும்பி வரவில்லை. 1347இல் 400க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்ததாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கொள்ளைநோய், 1362 ஜனவரியில் வட கடல் கரைகள் முழுவதையும் உலுக்கிய பெரும்புயல் என்று அடி மேல் அடி. வேறொரு துறைமுக நகரமாக இருந்தால் இழந்த தெருக்களைக் கொஞ்சம் மேற்கே தள்ளி மறுபடி கட்டியிருப்பார்கள். டனிச்சில் மீண்டும் கட்டுவதற்கான வருவாய் வால்பர்ஸ்விக் துறையில் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் மறைந்த கோவில்கள் எவை? அது எப்படித் தெரிகிறது?

கடலுக்கு மிக அருகே, தாழ்வான பகுதியில் இருந்தவை முதலில் போயின. புனித மிக்கேல், புனித பர்த்தலமேயு ஆகிய இரண்டையும் ஏற்கெனவே குறிப்பிட்டோம். துறைமுகப் பக்கம் இருந்த புனித லெனார்ட் கோவிலும் அதே 14ஆம் நூற்றாண்டில் மங்கி மறைகிறது.

இவற்றின் இறுதியை அறிய உதவுவது புயல் பற்றிய குறிப்புகளைவிட, நார்விச் ஆயர்களின் பதிவேடுகள்தான். ஒரு பங்குக்குப் புதிய பங்குத்தந்தை நியமனம் பெறும்போது அந்தப் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படும். புனித மார்ட்டின் கோவிலுக்கான கடைசி வரி 1335ஆம் ஆண்டுக்கு உரியது. புனித நிக்கோலாஸ் கோவிலுக்கு 1352. அதற்குப் பிறகு அந்தப் பெயர்கள் வருவதில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இது கட்டடம் இடிந்த தேதி அன்று. இனி ஒரு குருவானவர் பிழைக்கும் அளவுக்கு அந்தப் பங்கில் ஆளோ வருவாயோ இல்லை என்று ஆன தேதி. கூரையற்ற சுவர்கள் அதன் பிறகு பல தலைமுறைகள் நின்றிருக்கலாம். புனித நிக்கோலாஸ் கோவிலின் கல்லறைத் தோட்டம் 1740ஆம் ஆண்டுப் புயலில்தான் கிழிபட்டு, எலும்புகள் வெளியே வந்தன. கடைசிக் குருவானவர் நியமனம் பெற்று ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

திருமுழுக்கு யோவான் கோவிலை ஊராரே இடித்தார்கள் என்றால், ஏன்?

பெரிய சந்தைத் திடலை ஒட்டி இருந்த இந்தக் கோவில் நகரின் பெரிய கோவில்களுள் ஒன்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் நெருங்கிவந்துவிட்டது. 1540களில், விழுவதற்கு முன்பாகவே கோவிலைக் கழற்றிவிட முடிவு செய்தார்கள்.

இதை மனம் கல்லாகிப்போன செயல் என்று நினைக்கத் தேவையில்லை. சஃபோக் கரையில் நல்ல கட்டடக் கல் கிடையாது. சுவர்கள் வயலில் பொறுக்கிய சக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டியவை. மூலைகளுக்கும் சன்னல் சட்டங்களுக்கும் மட்டும் வெளியிலிருந்து வருவித்த செதுக்குக் கல். கூரையில் ஈயத் தகடு, உள்ளே கருவாலி மர உத்திரங்கள், கோபுரத்தில் வெண்கல மணிகள். இவையெல்லாம் விலைபோகும் பொருள்கள். சரிவில் விழ விட்டால் ஒன்றும் மிஞ்சாது; கழற்றினால் மற்றொரு கோவிலையாவது காப்பாற்ற உதவும். ஊராரின் கணக்கு அதுதான்.

அந்தக் கோவிலில் கல் சவப்பெட்டி கிடைத்ததாகச் சொல்வது எது?

கோவிலை இடித்தபோது பலிபீடப் பகுதியில் ஒரு பெரிய கல்லறைக் கல்லைப் பெயர்த்தார்கள். அதன் கீழே கல் சவப்பெட்டி. உள்ளே ஓர் ஆணின் உடல். தொட்டதும் உடல் பொடியாக உதிர்ந்தது. கால்களில் முனை நீண்டு கூர்த்த காலணிகள். மார்பின்மேல் மட்டமான உலோகத்தால் ஆன இரண்டு பூசைக் கிண்ணங்கள். டனிச்சின் பழைய ஆயர்களுள் ஒருவராக இருக்கவேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இந்த விவரத்தை நமக்குத் தந்தவர், 1754இல் டனிச்சின் வரலாற்றை எழுதி வெளியிட்ட சவுத்வோல்ட்டுக்காரர் தாமஸ் கார்ட்னர். ஆயர் என்ற ஊகம் நிற்காது என்றே தோன்றுகிறது. ஆயர் வரிசை 9ஆம் நூற்றாண்டில் முடிந்தது. முனை நீண்ட காலணியோ 14, 15ஆம் நூற்றாண்டுகளின் நாகரிகம். குருக்களைப் புதைக்கும்போது விலை குறைந்த உலோகத்தில் ஒரு கிண்ணத்தைச் செய்து உடன் வைப்பது வழக்கம். ஆகவே அவர் அந்தப் பங்கிலேயே பணியாற்றிய, கொஞ்சம் வசதியும் அலங்கார ஆசையும் உள்ள ஒரு குருவானவராக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். டனிச்சின் அத்தனை பங்குத்தந்தையரிலும் நம் கண்முன் உருவமாகத் தெரிபவர் இவர் ஒருவரே. அதுவும் தொட்டவுடன் உதிர்ந்துபோனார்.

புனித பேதுரு கோவில் எப்போது போனது?

1587இல் ரால்ஃப் அகஸ் என்ற நில அளவையாளர் ஊரை அளந்தபோது, இயங்கிக்கொண்டிருந்த பங்குக் கோவில்கள் இரண்டுதான்: புனித பேதுரு, அனைத்துப் புனிதர்கள். அகஸின் வரைபடத்தில் மேற்குப் பகுதித் தெருக்கள் முழுமையாகவும் கிழக்குப் பகுதித் தெருக்கள் கடலோரத்தில் அறுந்தும் காணப்படுகின்றன.

அடுத்த நூறாண்டுகளில் கடல் சந்தைத் திடலைத் தாண்டி மேற்கே ஏறியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித பேதுரு கோவிலுக்கு ஆபத்து வந்தது. கடல் சுவரைத் தொட்ட 1702ஆம் ஆண்டு வாக்கில் ஈயம், மரம், மணிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். வெறும் சுவர்கள் துண்டு துண்டாகக் கீழே விழுந்தன. சில பத்தாண்டுகளில் கல்லறைத் தோட்டமும் முழுவதும் மறைந்தது.

கடலுக்கடியிலிருந்து மணியோசை கேட்கிறது என்கிறார்களே?

கோவில் மூழ்கிய எல்லாக் கரைகளிலும் இப்படி ஒரு கதை உண்டு. டனிச்சில் அது விடுதிச் சுவர்வரைக்கும் ஏறிவிட்டது. கேட்பவர்களின் மனம் நோகாமல் ஒன்று சொல்லலாம்: ஒரு கோவிலைக் கைவிடும்போது முதலில் இறக்கப்படுவது மணிதான். அதைவிட விலைமதிப்புள்ள உலோகத் துண்டு அந்தக் கட்டடத்தில் வேறு இல்லை.

அனைத்துப் புனிதர்கள் கோவிலின் கதை என்ன?

மேற்கே, மேட்டில் இருந்ததால் கடைசிவரை நின்றது இதுதான். 1702க்குப் பிறகு ஊருக்கு இருந்த ஒரே இடைக்காலப் பங்குக் கோவிலும் இதுவே. ஆனாலும் 1750களில் வழிபாடு நின்றுபோனது. காரணம் கடல் அன்று. அப்போது கடல் இன்னும் நல்ல தொலைவில் இருந்தது. ஒரு நகரத்துக்கென்று கட்டிய பெரிய கட்டடத்தைப் பழுதுபார்க்க, கிராமமாகிவிட்ட ஊரால் முடியவில்லை.

கூரை போன பிறகும் கல்லறைத் தோட்டம் ஓயவில்லை. 1820கள்வரை ஊரார் தங்கள் இறந்தோரை அந்தப் பாழ்ச்சுவர்களின் பக்கத்திலேயே அடக்கம் செய்துவந்தார்கள். வழிபடப் போக முடியாத கோவிலின் நிழலில் இரண்டு, மூன்று தலைமுறைகள் புதைக்கப்பட்டன. டனிச்சில் என்னை அதிகம் நிறுத்திவைக்கும் செய்தி புயல்கள் அல்ல, இதுதான்.

பிறகு 1904இல் சரிவின் விளிம்பு கட்டடத்தைத் தொட்டது. கோவில்களின் வழக்கப்படி பலிபீடம் கிழக்கில், கடல் பக்கம், கோபுரம் மேற்கில். எனவே கடல் உள்ளே வந்த முறை, வழிபாட்டின் உச்சியிலிருந்து தொடங்கி வாசலில் முடிவது போல இருந்தது: முதலில் பலிபீடப் பகுதி, பிறகு நடுக்கூடம் வளைவு வளைவாக, இறுதியில் 1919இல் கோபுரம். அப்போது நிழற்படக் கருவி வந்துவிட்டதால் இந்த ஒரு கோவிலின் மறைவு மட்டும் ஆண்டு ஆண்டாகப் படம் பிடிக்கப்பட்டு, அஞ்சலட்டைகளாக விற்கப்பட்டது. வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு கட்டடம் மேற்கு நோக்கிப் பின்வாங்குவது போலவே தோன்றும். அந்த ஆண்டுகளில் சரிவின் முகத்தில் கல்லறைத் தோட்டத்து எலும்புகள் துருத்திக்கொண்டு நின்றன.

கோபுரத்தின் தாங்குசுவர் ஒன்றை மட்டும் மீட்டெடுத்து, இப்போதைய கோவிலின் வளாகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

கடல் ஏன் இங்கே மட்டும் இப்படி அரிக்கிறது?

இங்கே மட்டும் அல்ல. இந்தக் கரை நெடுகிலும் அப்படித்தான். டனிச் சரிவு பாறை அன்று, இறுகாத மணலும் சரளையும். அலை அடிவாரத்தைக் குடைந்தால் மேலே உள்ளது தானாகச் சரிகிறது. ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் என்று சராசரி சொன்னாலும், அது ஏமாற்றும் சராசரி. பல ஆண்டுகள் ஒன்றுமே நடக்காமல் இருந்துவிட்டு, ஒரே வடகிழக்குப் புயலில் பல மீட்டர் போவதே இங்குள்ள வழக்கம்.

பக்கத்து ஊர்களின் கோவில்களுக்கு என்ன ஆயிற்று?

டனிச்சின் கதையைச் சரியாகப் புரிந்துகொள்ள இந்த ஒப்பீடு மிகவும் உதவும். துறைமுகம் தங்கள் பக்கம் வந்த செழிப்பில் வால்பர்ஸ்விக் மக்கள் 15ஆம் நூற்றாண்டில் பெரிய கோவில் ஒன்றைக் கட்டினார்கள். அதன் கோபுரத்துக்காக 1426இல் கொத்தர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. கோபுரம் டன்ஸ்டல் ஊர்க் கோபுரத்தைப் போலவும், மேற்கு வாசல் ஹேல்ஸ்வொர்த் ஊர் வாசலைப் போலவும் இருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். பின்னர் அந்த ஊரும் நொடித்தது. 1695இல் அனுமதி பெற்று, கோவிலின் பெரும்பகுதியைக் கூரை நீக்கிப் பாழாக விட்டு, ஒரு பக்கச்சிறகை மட்டும் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். வடக்கே கோவ்ஹைத் ஊரில் 1672இலேயே இதே முடிவு: பெரிய கோவிலின் சுவர்களுக்குள் ஓலைக்கூரை வேய்ந்த சிறு கோவில் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள்.

இந்த இரண்டு கோவில்களையும் கடல் தொட்டதே இல்லை. ஆனாலும் அவை டனிச்சின் அனைத்துப் புனிதர்கள் கோவிலுக்கு நேர்ந்ததையே அனுபவித்தன. கடலே வராமல் இருந்திருந்தால் டனிச் கோவில்கள் எப்படி இருந்திருக்கும் என்று கேட்பவர்கள் கோவ்ஹைத் போய்ப் பார்க்கலாம்.

கடலுக்கடியில் இப்போது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது; ஆனால் கண்ணால் பார்க்க முடியாது. ஆழம் அதிகமில்லை, 3 முதல் 10 மீட்டர்தான். சேறும் மணலும் கலந்த நீரில் முக்குளிப்பவர்களுக்குத் தங்கள் கை தெரிவதே அரிது. 1970களில் ஸ்டூவர்ட் பேக்கனும் அவருடன் இறங்கியவர்களும் அனைத்துப் புனிதர்கள் கோவிலின் இடிபாடுகளைப் பெரும்பாலும் தடவித் தடவியே அடையாளம் கண்டார்கள். 2008 முதல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் சியர் தலைமையில், ஒலி அலைகளால் படம் பிடிக்கும் கருவிகளைக் கொண்டு கடற்படுகையை அளந்தார்கள். 2013இல் வெளியான முடிவுகளில், புனித நிக்கோலாஸ், புனித பேதுரு கோவில்கள் உட்பட்ட இடிபாடுகள் பழைய வரைபடங்கள் காட்டும் இடங்களோடு பொருந்திவந்தன. நிமிர்ந்து நிற்கும் சுவர்கள் எவையும் இல்லை. சாந்து பிடித்த சக்கிமுக்கிக் கற்கட்டிகளும், சில செதுக்குக் கற்களும், விழுந்த இடத்திலேயே குவிந்து கிடக்கின்றன. அவை அலைகளால் வெகுதூரம் இழுத்துச் செல்லப்படவில்லை என்பதே இந்த ஆய்வின் முக்கியமான செய்தி.

இன்று டனிச்சுக்குப் போனால் எதைப் பார்க்கலாம்?

அருங்காட்சியகத்தில் பழைய நகரத்தின் மாதிரி அமைப்பு இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவது நல்லது. பிறகு புனித யாக்கோபு கோவில். நாடாளுமன்ற உறுப்பினர்களை இழந்த அதே 1832இல் ஊருக்குக் கிடைத்த புதிய பங்குக் கோவில் இது. இதன் வளாகத்தில்தான் அனைத்துப் புனிதர்கள் கோபுரத்தின் தாங்குசுவர் நிற்கிறது. அதன் அருகே, 12ஆம் நூற்றாண்டில் நிறுவிய தொழுநோயாளர் இல்லத்தின் சிற்றாலயத்தில் எஞ்சிய அரைவட்டச் சுவரும், அதில் நார்மன் பாணி வளைவுகளும் உண்டு. தொழுநோயாளரை ஊருக்கு வெளியே, மேற்கே தள்ளிவைத்தார்கள். அதனால் அவர்களுடைய ஆலயம் மட்டும் மிஞ்சியது.

சரிவின் மேலே பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம். கடல் பழைய இடத்தைக் கெடுத்ததால் 1290இல் ஊரின் மேற்கு ஓரத்துக்கு வந்தவர்கள், 1538இல் மடங்கள் ஒழிக்கப்படும்வரை அங்கே இருந்தார்கள். மதில்களும், மேற்கே இரட்டை வாயிலும், கூரையற்ற ஒரு கட்டடமும் இன்றும் நிற்கின்றன. அது பங்குக் கோவில் அன்று. மடத்துக்கும் சரிவுக்கும் இடையில், அனைத்துப் புனிதர்கள் கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மூலையாக இருந்த இடத்தில், 1796இல் இறந்த ஒருவரின் கல்லறைக் கல் புதர்களுக்கு நடுவே தனியாக நின்றதைப் பலர் படமெடுத்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தின் மற்றக் கல்லறைகள் எல்லாம் போன பிறகும் அது நின்றது. அங்கிருந்து விளிம்பு சில அடிகள்தான். போகிறவர்கள் வேலியைத் தாண்டி நிற்க வேண்டாம். சரிவின் உச்சி கீழே குடையப்பட்டிருக்கிறதா என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.